முத்திரை விழாத இண்டென்ட்

பினாங்கு
8.3.1981

அன்புத் தம்பி ஏரம்பமூர்த்திக்கு,

அக்கா யோகலட்சுமி எழுதுவது. இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது ஷெஃபீல்டில் பனியும் குணவதிக்கு இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். வீடும் இதுவரை சுகம். வீட்டின் சுகத்தைப் பற்றி நான் இதற்கு முன் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. இனி ஒவ்வொன்றிலும் எழுதுவேன்.

மற்றவர்கள் சீமையிலிருந்து விடுமுறைக்கு வரும்போது பிஸ்கட் டின் கொண்டுவருவார்கள். நீ டிசம்பரில் வந்தபோது உன் பல்கலைக்கழகத்தில் பழையதென்று ஒதுக்கிய எரிபொருள் மின்கலம் ஒன்றைக் கொண்டுவந்தாய். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் கொடுத்தால் புகையில்லாமல், சத்தமில்லாமல் மின்சாரம் வரும், மிச்சமாகக் கொஞ்சம் தண்ணீர் வரும் என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினாய். அன்று உன் அத்தான் சாப்பிட்டு முடித்தாரா இல்லையா என்பதையே மறந்துபோய், மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தார். ஆர்வம் என்று நாம் இருவரும் சிரித்தோம்.

முப்பத்தொரு வருடம் அரசாங்கக் களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதருக்கு, ஓய்வு பெற்றபின் காவல் காக்க ஒரு பொருளும் இல்லாமல் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பு. இப்போது இரண்டாவது பொருள் வந்திருக்கிறது.

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் வெல்டிங்காரர்களுக்கு வாயு விற்கும் கடையொன்றில் சொல்லிவைத்து, நாலடி நீள ஹைட்ரஜன் சிலிண்டர் ஒன்றை எடுத்தார். அதை நம் மொரிஸ் மைனர் காரின் பின் சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, என் கம்பளியால் போர்த்தி, பெர்ரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். போர்த்தியது ஏன் என்று கேட்டேன். “ஆக்கள் கண்டா பயப்படுவினம்” என்றார். பெர்ரியில் பக்கத்து லாரிக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, பின்னால் படுத்திருப்பவருக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தாராம். பரவாயில்லை என்று இவர் பதில் சொன்னாராம்.

சிலிண்டரை எங்கள் பின்கட்டுச் சுவரோடு சங்கிலியால் கட்டி நிறுத்தியிருக்கிறார். அந்தச் சுவருக்கு அப்பால் ஆசியா பீவியின் பின்கட்டு. அவள் கணவர் முகம்மது கனிக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை இருப்பது உனக்குத் தெரியும்; வந்தபோது இரண்டு தட்டுச் சாப்பிட்டாய். கடைக்கான கறிகள் எல்லாம் விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரை அந்தப் பின்கட்டில்தான் விறகடுப்பில் கொதிக்கின்றன. அங்கே நெருப்பு, இங்கே ஹைட்ரஜன், நடுவில் ஒரு செங்கல் அகலச் சுவர். இருபத்தாறு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். எரிமலைக்குப் பக்கத்தில் ஏன் டீச்சர் மனிதர் குடியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போது, மண் வளமானது என்று சொல்லிவந்தேன். அந்தப் பதிலுக்காக இப்போது வருந்துகிறேன்.

சுவாமி அறையில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். முருகன் மூன்று வாரமாக இருட்டில் இருக்கிறார்.

வாயு கசிகிறதா என்று உன் அத்தான் காலையில் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கிறார். நேற்று ஒரே காலையில் மூன்று தடவை பார்த்தார். கவனமான மனிதர். பிறகு பாசாருக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார். அரை மணி கழித்து மறுபடி போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார். விலை நன்றாக இருந்திருக்கும்.

நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். இப்படி வாயுவைச் சேமித்துவைப்பது ஆபத்து என்று அவருக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் அது பெண்பிள்ளைப் பயம். நீ சொன்னால் விஞ்ஞானம்.

தண்ணீர்மலை முருகன் உங்களைக் காக்கட்டும். நேரமிருந்தால் எங்கள் பின்கட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

அக்கா,
யோகலட்சுமி


பினாங்கு
2.5.1981

அன்புத் தம்பிக்கு,

வீடு சுகம். நாங்களும் சுகம். குணவதி தைத்து அனுப்பிய தலையணை உறை வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது என்று சொல்.

நீ அத்தானுக்கு எழுதிய கடிதமும் வந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். “சேமித்து வைப்பதுதான் ஆபத்து, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் உற்பத்தி செய்வதே பாதுகாப்பு” என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்கு இரண்டு கோடு போட்டார். அதற்கு முந்தின வாக்கியத்தில், வீட்டில் இதெல்லாம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கோடு இல்லை.

சிலிண்டர் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பட்டர்வொர்த்துக்குத் திரும்பிப் போயிற்று. அன்று மாலை நான் விளக்கேற்றினேன். மறுநாள் பக்கிரிசாமி வந்தார்.

பக்கிரிசாமிக்கு வீடு சிம்பாங் அம்பாட்டில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் பலூன் விற்பவர். நூலை விட்டால் மேலே போகும் அந்தப் பலூன்களுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஹைட்ரஜன்தான். இரும்புக் கலத்துக்குள் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, அதில் அலுமினியத் துண்டுகளைப் போட்டு மூடினால் அது பொங்கிக்கொண்டு வருமாம். இருபது வருடமாக உன் பாதுகாப்பான முறையைத்தான் அவர் சாமி ஊர்வலத்துக்குப் பக்கத்தில், ஆயிரம் கற்பூரத்துக்கு நடுவில் செய்துகொண்டிருக்கிறார். இடது கையில் இரண்டு விரல் இல்லை.

பின்னறையில் கலத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் பக்கிரிசாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சார், இது பால் காய்ச்சுற மாதிரி கெடையாதுலா. பாலுன்னா அடுப்ப அணைச்சாலும் கொஞ்ச நேரம் பொங்கிட்டு அடங்கிரும். இதுல அடுப்பே கெடையாது, அதுவேதான் அடுப்பு. போட்டது தீர்ற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும். பலூனு தீந்து போச்சுன்னு கொழாய மூடிராதீங்க. தொறந்து காத்துல விட்ருங்க. ஆரம்பிக்கிறதுதான் சார் நம்ம கையில.” உன் அத்தான் இதைக் கேட்டுவிட்டு, அளவு சரியாக இருந்தால் அந்தப் பிரச்சினையே வராது என்றார். “அளவு சரிதான் சார். அளக்கிறவன் ஒருநாள் தூக்கக் கலக்கத்துல இருப்பான்ல?” என்று பக்கிரிசாமி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

கலம் வந்துவிட்டது. ஆனால் ‘தேவைப்படும்போது’ என்று நீ எழுதியிருந்தாயே, தேவைப்படுவதாக யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. ஸ்டோர் கீப்பர் தனக்குத்தானே பொருள் வழங்கிக்கொள்வது ஒழுங்கீனம் என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். ஆகவே தினமும் நான் இண்டென்ட் எழுதுகிறேன். களஞ்சியத்திலிருந்து பொருள் வேண்டும் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் அது. பொருள்: ஹைட்ரஜன். அளவு: அரை மணி நேரத்துக்கு. தேவை: வானொலி கேட்க. வானொலி கேட்பவர் அவர். எனக்குப் பாட்டு ஒத்துக்கொள்ளாது.

சீட்டைச் சுவரில் ஓர் ஆணியில் குத்திவைக்கிறார். ஒரு அளவு சோடா, ஒரு அளவு அலுமினியம் போட்டு மூடுகிறார். வாயு வந்ததும் சீட்டின் மேல் ‘வழங்கப்பட்டது’ என்று ஊதா முத்திரை குத்துகிறார். முத்திரை அலுவலகத்துடையது. ஓய்வு பெற்ற நாளில் அது அதிகாரபூர்வமாகத் தொலைந்துபோனது. முத்திரை விழுந்தால் பொருள் போயிற்று, விழாவிட்டால் இன்னும் கொடுக்கவில்லை. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே முப்பத்தொரு வருடமும் ஒரு திருகாணிகூடக் குறையவில்லை என்று என்னிடம் சொன்னார். இந்த வாரம் அதை நாலு தடவை சொன்னார். பெருமைதானே.

மின்கலம் வேலை செய்கிறது என்பதையும் நியாயமாக எழுத வேண்டும். வானொலி பாடுகிறது. அதிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துத் துளசிக்கு ஊற்றுகிறார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் உனக்கு நன்றி சொல்லத் தோன்றும். நான் இன்னும் சொல்லவில்லை.

தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். சிலிண்டர் இருந்தபோது ஆபத்து ஓர் இடத்தில், சங்கிலி போட்டு நின்றது. கூட்டும்போது சுற்றிக் கூட்டினேன். இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தினமும் பத்து மணிக்கு அவர் அதைப் புதிதாகச் செய்கிறார். சோடா டின்னில் இல்லை, அலுமினியத்தில் இல்லை. இரண்டையும் அளக்கும் கையில் இருக்கிறதோ என்று நினைக்கிறேன். விஞ்ஞானத்தில் இதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுது.

சென்ற செவ்வாய் இண்டென்டை நீட்டியபோது, “பத்மாவதி, திகதி போடேல்லை” என்றார். அவருடைய அக்கா பத்மாவதி காலமாகிப் பதினேழு வருடம் ஆகிறது. காலமானவர் கையெழுத்துச் செல்லாது என்றேன். சிரித்தார். பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா,
யோகலட்சுமி


பினாங்கு
19.6.1981

அன்புத் தம்பி ஏரம்பமூர்த்திக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கனியின் கடை விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தொலைபேசியும் வேண்டாம். அதை எடுப்பவர் அவர். முதலில் செய்தி: ஒருவருக்கும் காயமில்லை. இனி மற்றதைப் படி.

சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இண்டென்ட் எழுதிக் கொடுத்தேன். பின்னறையில் அவர் சோடா டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கால் மணி கழித்து டின் திறக்கும் சத்தம் இன்னொரு முறை கேட்டது. கேட்டது என்பதே பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது நான் கீரையில் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். முதல் அளவைப் போட்டு மூடியவர், முத்திரை குத்த மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது ஆணியில் முத்திரை விழாத இண்டென்ட் இருந்தது. முத்திரை இல்லையென்றால் பொருள் கொடுக்கவில்லை. வேறு எந்த மனிதராக இருந்தாலும் கலத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார், அது சுட்டிருக்கும். உன் அத்தான் தாளைப் பார்த்தார். இரண்டாவது அளவையும் போட்டு மூடினார். வாயு வீணாகக்கூடாதென்று குழாயையும் மூடினார்.

நான் போனபோது கலம் மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு விசில். ஒரு விநாடி கலத்தைப் பார்த்தேன், மறு விநாடி பின்சுவரைப் பார்த்தேன். சுவருக்கு மேலால் ஆசியா பீவியின் விறகுப் புகை வந்துகொண்டிருந்தது.

நான் வாழ்நாளில் சத்தம்போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும், வகுப்பில்கூட. அன்று போட்டேன். “ஆசியா, நெருப்பை அணை, நெருப்பை அணை” என்று கத்தினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் தேடவும் போகவில்லை. அன்றைய கடைக்கென்று கொதித்துக்கொண்டிருந்த மீன் தலைக் கறியை அண்டாவோடு சாய்த்து அடுப்பில் கொட்டினாள். அந்த வாசனை எங்கள் பின்கட்டில் மூன்று நாள் இருந்தது. அதைவிட நல்ல வாசனையை நான் எந்தக் கோயிலிலும் முகர்ந்ததில்லை.

பிறகு ஈரத் துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கிரிசாமி சொன்னபடி குழாயைத் திறந்துவிட்டேன். அது அலறிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போயிற்று. இருபது நிமிடம் அலறியது. நிறுத்த வழியில்லை, தீரும்வரை நிற்க வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் நின்றோம்.

அந்த இருபது நிமிடமும் உன் அத்தான் இண்டென்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஏற்கெனவே குடுத்திட்டனோ? இஞ்சேரும், நீர் பாத்தனீரோ? நான் குடுத்திட்டனோ?” என்று என்னைக் கேட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

நான் பொய் சொன்னேன். இரண்டாவது தடவை போட்டது நான் என்றேன். நேரமாகிறதே என்று நானே எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

அவர் முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்தார். பிறகு என்னைத் திட்டினார். “படிச்ச மனிசி செய்யிற வேலையோ இது?” என்றார். எனக்கு அது தேவாரம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை என் தேத்தண்ணிக் கோப்பையின் கீழ் ஒரு கடிதம் இருந்தது. தட்டச்சில் அடித்து, நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். அனுமதியின்றி வாயுக் கலத்தில் இரண்டாம் முறை சரக்கிட்டது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தருமாறு கேட்டிருந்தார். தந்தேன். ஞாபகக் குறைவினால் நேர்ந்தது, வயது காரணமாக இருக்கலாம், மன்னிக்கவும் என்று எழுதினேன். யாருடைய வயது என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

தீர்ப்பும் எழுத்துமூலம் வந்தது. இனிப் பின்னறைச் சாவி அவரிடம் மட்டுமே இருக்கும். நான் உள்ளே வரக்கூடாது. இண்டென்ட் எழுதும் அதிகாரமும் என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. நம்பகமான ஆள் வேறு இல்லாததால், விதிவிலக்காக அவரே எழுதி அவரே வழங்கிக்கொள்வார்.

பார்த்தாயா, தம்பி. அவரைக் காப்பாற்ற நினைத்து, நான் ஒருத்தி குறுக்கே நின்ற இடத்தையும் காலி செய்து கொடுத்துவிட்டேன். இனி உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம் கோப்பில் இருக்கிறது.

இப்போது தினமும் பத்து மணிக்குப் பின்னறைக் கதவு உள்ளே பூட்டிக்கொள்ளும். நான் இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். டின் ஒரு தடவை திறக்கும். அது பரவாயில்லை. இரண்டாவது தடவைக்காக நிற்பேன். வானொலி பாடத் தொடங்கிய பிறகுதான் அடுக்களைக்குத் திரும்புவேன். பக்கத்து வீட்டில் பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நான் கேட்கவில்லை, ஆசியா பீவியாகவே செய்கிறாள். கறி வீணானதற்கு நான் வருத்தம் சொல்லப் போனபோது, “அது போவுது அக்கா, கறிய நாளைக்கு ஆக்கிக்கலாம்லா. நீங்க சும்மா கத்துற ஆளு இல்லயே” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணன் போன வாரம் எங்க கேட்டுல நின்னு சாவிய போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சேரலயேன்னு எங்கிட்டயே கேக்குறாங்க” என்றாள். இரண்டு கேட்டும் பார்க்க ஒரே மாதிரி என்று சொன்னேன். நம்முடையது பச்சை. அவர்களுடையது நீலம்.

எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். சாவியை அவர் அசந்த நேரத்தில் எடுத்து, சோடா டின்னை மட்டும் ஆசியா பீவி வீட்டில் ஒளித்துவைத்துப் பார்த்தேன். அவர் அலமாரியைத் திறந்தார், மூடினார், திறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து, இருக்கும் பொருட்களை விரல் விட்டு எண்ணி, தப்பி, முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். “ஒண்டு குறையுது, எதெண்டு தெரியேல்லை” என்றார். டின்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். என் பயம் கலம் வெடிக்கும் என்பது. அவருடைய பயம் அதைவிடப் பெரிது, தம்பி. அதை இரண்டாவது தடவை பார்க்க என்னால் ஆகாது.

ஆகவே, நீ மூட்டியதை நீதான் அணைக்க வேண்டும். உன் பல்கலைக்கழகத் தாளில், மேலே எண்ணும் திகதியும் இட்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுது. இந்த வகை மின்கலங்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறோம் என்று எழுது. மின்கலம், வாயுக் கலம், மிச்சச் சோடா எல்லாவற்றையும் ஒப்படைக்கக் கேள். குறை மின்கலத்தில் என்று தெளிவாக இருக்கட்டும். ஸ்டோர் கீப்பரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். எழுதத்தான் வேண்டுமென்றால், அவர் காலத்தில் இருப்பு எப்போதும் சரியாக இருந்தது என்று மட்டும் எழுது.

கடிதம் மட்டும் போதாது. பொறுப்பை ஒப்படைப்பதென்றால் ஏற்பவர் நேரில் வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, கையெழுத்திட வேண்டும். தபாலில் பொறுப்புக் கொடுக்க அவர் சம்மதிக்கமாட்டார். உன்னை அவருக்குத் தெரியும். போன வாரம் கல்யாணப் படத்தில் உன்னைக் காட்டி, இது யார் என்று கேட்டேன். “உம்மட தம்பி ஏரம்பு. கெட்டிக்காரன்” என்று உடனே சொன்னார். அதே படத்தில் மற்றவர்களை நான் கேட்கவில்லை.

எப்போது வரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்காதே. இங்கே எதையும் சேமித்துவைக்க முடியவில்லை, நாட்களையும்.

முறைப்படி கேட்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பழைய இண்டென்ட் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பொருள்: தம்பி. அளவு: ஒன்று. தேவை: களஞ்சியப் பொறுப்பை ஏற்க. தேவைப்படும் நாள்: உடனே. கையெழுத்து என்னுடையது, எனக்கு அதிகாரம் இல்லை என்பது தெரிந்தே போட்டிருக்கிறேன். இதைப் பத்திரமாகக் கொண்டுவா. நீ வாசலில் வந்து நின்றதும் உன் அத்தானே முத்திரை குத்துவார்.

குத்த மறந்துபோனால் கோபிக்காதே. இன்னொரு தடவை வா.

நீயும் குணவதியும் நீடூழி வாழ வேண்டும். இன்று பத்து மணிக்கு டின் ஒரு தடவைதான் திறந்தது.

உன் அக்கா,
யோகலட்சுமி